பித்தப்பையை எடுத்த பிறகு எண்ணெயைச் செரிக்க வைப்பது யார்?

வடலூரான்:
அம்மாவுக்குப் போன மாதம் பித்தப்பையை எடுத்தார்கள். லேப்ராஸ்கோப்பிதான். வயிற்றில் நாலு சின்னத் துளை, மறுநாளே எழுந்து நடந்துவிட்டார். கல்லை ஒரு டப்பியில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். மிளகு அளவில், கறுப்பாக, தொட்டால் சொரசொரப்பாக இருக்கிறது.

டிஸ்சார்ஜ் சீட்டில் "கொழுப்புக் குறைந்த உணவு" என்று ஒரே வரி. எவ்வளவு குறைவு, எவ்வளவு நாளைக்கு என்று ஒன்றும் இல்லை. டாக்டரைக் கேட்டால் "போகப்போக எல்லாம் சாப்பிடலாம்" என்கிறார். பெரியம்மாவோ "இனி ஜென்மத்துக்கும் எண்ணெய் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தாளிக்காத ரசத்தை அம்மா எத்தனை நாளைக்குச் சகித்துக்கொள்வார்?

என் சந்தேகம் அடிப்படையானது. பித்தநீர்தான் கொழுப்பைச் செரிக்க உதவுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்தப் பையே இல்லை என்றால் அந்த வேலையை யார் பார்ப்பது?

திருச்சிமலை:
என் மாமியாருக்கு எடுத்துப் பல வருடம் ஆகிறது. தீபாவளிக்கு முதல் ஈடு முறுக்கை ருசி பார்ப்பவர் அவர்தான். காரணம் எனக்குத் தெரியாது. வாத்தியார் வரட்டும்.

பெருங்காயம்:
அவரவர் உடம்புவாகு. எங்கள் தெருவில் ஒருவர் எடுத்த பிறகு பரோட்டா பக்கமே போவதில்லை. போனால் அன்று முழுக்க வயிறு சரியில்லை என்கிறார்.

உடலியல்_வாத்தியார்:
பித்தநீர் பித்தப்பையில் ஊறுவதில்லை. இதை முதலில் பிடித்துக்கொண்டால் பாதிச் சந்தேகம் போய்விடும். ஊறுவது கல்லீரலில். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை, நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஊறிக்கொண்டே இருக்கும். பித்தப்பை கொள்வதோ வெறும் 30 முதல் 50 மில்லி. அது ஒரு மேல்நிலைத் தொட்டி, அவ்வளவுதான். தொட்டியைக் கழற்றிவிட்டால் தண்ணீர் குழாயில் நேராக வரும்.

இப்போது ஒரு நெய் தோசையின் கூடவே போய்ப் பார்ப்போம்.

வாயில் எச்சிலில் உள்ள அமைலேஸ் மாவுச்சத்தில் கை வைக்கிறது. நெய்யை அது தொடுவதில்லை. இரைப்பைக்குப் போனால் அங்கே ஹைட்ரோகுளோரிக் அமிலம், புரதத்தை வெட்டும் பெப்சின், கொஞ்சம் இரைப்பை லைபேஸ். இந்த லைபேஸ் கொழுப்பில் ஒரு சிறு பங்கை உடைக்கும். அதைவிட முக்கியம் இரைப்பையின் அடிப்பகுதி பிசையும் பிசைப்பு. திட உணவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துணுக்குகளாகும்வரை வாசலை அகலத் திறக்காது. கொஞ்சம் தள்ளும், மூடும், திரும்பப் பிசையும்.

அடுத்தது முன்சிறுகுடல். நீளம் 25 சென்டிமீட்டர்தான். ஆனால் செரிமானத்தின் நிர்வாகமே இங்கேதான் நடக்கிறது என்பது என் கட்சி. இதன் சுவரில் உள்ள சில செல்கள் வந்திருப்பது என்ன என்று ருசி பார்க்கின்றன. அமிலம் வந்தால் செக்ரெடின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகின்றன. அது கணையத்துக்குப் போய் பைகார்பனேட் நிறைந்த நீரை வரவழைத்து அமிலத்தைத் தணிக்கிறது. கொழுப்போ புரதத் துணுக்கோ வந்தால் கோலிசிஸ்டோகைனின். பெயர்தான் வாயில் நுழையாது, செய்கிற வேலைகள் பார்க்கத்தக்கவை. பித்தப்பையைச் சுருங்க வைக்கும். பித்தநாளம் குடலில் திறக்கும் இடத்தில் உள்ள ஒடி தசைவளையத்தைத் தளர்த்தும். கணையத்திலிருந்து நொதிகளை வரவழைக்கும். கூடவே இரைப்பையிடம் "மெதுவாக அனுப்பு" என்று சொல்லும். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் வயிறு வெகுநேரம் கனமாக இருப்பது இதனால்தான்.

பித்தநீரில் செரிமான நொதி எதுவும் கிடையாது. அதில் இருப்பது பித்த உப்புகள், லெசித்தின், கொலஸ்ட்ரால், பிலிருபின் நிறமி, மிச்சம் தண்ணீர். நெய்யை உடைப்பது கணையத்தின் லைபேஸ். லைபேஸ் தண்ணீரில் கரைவது, நெய் கரையாதது. அதனால் லைபேஸால் நெய்த்துளியின் மேற்பரப்பில் மட்டுமே வேலை செய்ய முடியும். பித்த உப்பு பெரிய துளியைப் பொடிப்பொடியாகப் பிரித்து வைப்பதால் மேற்பரப்பு பல மடங்காகிறது. உடைந்து வரும் கொழுப்பு அமிலங்களையும் அதே பித்த உப்புகள் நுண்ணிய உருண்டைகளாகச் சூழ்ந்துகொண்டு குடற்சுவர் வரை கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. சுவருக்குள் போனதும் அவை மறுபடி கொழுப்பாகக் கட்டப்பட்டு, நிணநீர்க் குழாய் வழியாக நெஞ்சைக் கடந்து, இடது தோளருகே பெரிய சிரை ஒன்றில் கலக்கின்றன. சர்க்கரையும் அமினோ அமிலமும் நேரே கல்லீரலுக்குப் போகும். கொழுப்பில் பெரும்பங்குக்கு மட்டும் இந்தச் சுற்றுவழி.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேலை முடிந்த பித்த உப்பு வீணாவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சுமார் 95 சதவீதம் திரும்ப உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குப் போய், மறுபடி பித்தநீரில் இறங்குகிறது. உடம்பில் மொத்தம் இருப்பு 2 முதல் 4 கிராம்தான். அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே இரண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். பித்தப்பையை எடுத்த பிறகும் இந்தச் சுழற்சி அப்படியே நடக்கிறது. கல்லீரல் ஊறவைக்கிறது, கணையம் லைபேஸ் தருகிறது, குடல் உறிஞ்சுகிறது. பெரும்பாலோருக்கு எண்ணெய் ஏறக்குறைய பழையபடியே செரிக்கும். போனது ஒன்றுதான்: கொழுப்பு வந்து இறங்கும் அந்த நேரத்தில் ஒரே மொத்தமாகக் கெட்டிப் பித்தம் வந்து விழும் வசதி.

மீட்டர்கேஜ்:
சார், தொட்டி உதாரணத்தில் ஓட்டை இருக்கிறது. தொட்டி தண்ணீரைக் கெட்டியாக்காது. பித்தப்பை ஆக்குகிறது அல்லவா?

உடலியல்_வாத்தியார்:
ஆக்குகிறது, பல மடங்கு. சுவர் வழியாகத் தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சிக்கொள்ளும். மணிக்கணக்கில் ஊறுவது அந்தச் சின்னப் பையில் அடங்குவது இதனால்தான். கல் உருவாவதும் இதே இடத்தில்தான் என்பதைக் கவனியுங்கள். கெட்டியான திரவம் வெகுநேரம் தேங்கினால் அதில் கரைந்திருப்பது படியத் தொடங்கும். பட்டினி கிடந்து சட்டென்று எடை குறைப்பவர்களுக்குக் கல் வருவதற்கு இந்தத் தேக்கமும் ஒரு காரணம். பையைப் பிழியச் சொல்லும் உத்தரவே வருவதில்லை.

ஸ்கேன்ரூம்:
இதை நாங்கள் தினமும் கண்ணால் பார்க்கிறோம். வயிற்று ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்வது ஏன் என்று நிறையப் பேருக்குப் புரிவதில்லை. ஆறு முதல் எட்டு மணி நேரம் சாப்பிடாமல் வந்தால் பித்தப்பை நிறைந்து, பேரிக்காய் வடிவில், உள்ளே கறுப்பாகத் தெளிவாகத் தெரியும். "ஒன்றுமே சாப்பிடவில்லை, ஒரே ஒரு காபிதான்" என்பார்கள். பால் காபியில் உள்ள கொழுப்பே பையைச் சுருக்கிவிடும். சுருங்கிய பையில் கல்லைத் தேடுவது பெரும் பாடு. அவர்களைத் திருப்பி அனுப்பினால் எங்கள்மேல் கோபம் வேறு.

கல் இருந்தால் திரையில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், அதன் பின்னால் ஒரு நிழல் விழும். ஆளைப் புரண்டு படுக்கச் சொன்னால் கல்லும் உருண்டு இடம் மாறும். மாறாமல் சுவரோடு ஒட்டியிருந்தால் அது வேறு ஏதோ என்று யோசிப்போம்.

ஈரோட்டுக்காரன்:
எனக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுத்தது இரைப்பைதான் செரிமான உறுப்பு என்று. மற்றதெல்லாம் அதற்கு உதவி. வாத்தியார் முன்சிறுகுடலைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவது கொஞ்சம் அதிகமாகப் படுகிறது.

உடலியல்_வாத்தியார்:
அதிகமில்லை. எதை எடுத்தால் ஆள் பிழைப்பார் என்று பாருங்கள். 1897ல் சூரிச்சில் கார்ல் ஷ்லாட்டர் ஒரு பெண்மணிக்கு இரைப்பையை முழுவதுமாக எடுத்துவிட்டு உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைத்தார். அவர் சாப்பிட்டு, செரித்து, ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தார். இன்று புற்றுநோய்க்காக இந்த அறுவை வழக்கமாகவே நடக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட வேண்டும், பி12 ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பி12ஐ உறிஞ்சத் தேவையான துணைப்புரதம் ஒன்று இரைப்பையில்தான் சுரக்கிறது. பித்தப்பையை 1882ல் பெர்லினில் கார்ல் லாங்கன்பூஷ் எடுத்துக் காட்டிவிட்டார். பெருங்குடல் இல்லாமல் வாழ்பவர்கள் உண்டு. கணையம் இல்லாவிட்டாலும் இன்சுலின் ஊசியும் நொதி மாத்திரையும் கொடுத்துச் சமாளிக்கலாம். சிறுகுடலின் பெரும்பகுதியை எடுத்துவிட்டால்தான் சாப்பாட்டை ரத்தக்குழாய் வழியே ஏற்ற வேண்டிய நிலை வரும்.

நிர்வாகம் அங்கே இருக்கிறது என்று சொன்னதற்கும் சோதனை உண்டு. 1902ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் போகும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டார்கள். ரத்தக்குழாய் மட்டும் மிச்சம். அந்தத் துண்டில் அமிலத்தை விட்டதும் கணையம் சுரக்கத் தொடங்கியது. கணையச் சுரப்பு நரம்பின் ஆணைப்படி நடப்பது என்பதுதான் அதுவரை ரஷ்யாவில் பாவ்லோவ் வைத்திருந்த கருத்து. நரம்பே இல்லாமல் செய்தி எப்படிப் போனது? குடற்சுவரின் உள்படலத்தைச் சுரண்டி, அமிலத்தில் அரைத்து, வடிகட்டி ஊசியில் ஏற்றினார்கள். கணையம் மறுபடி சுரந்தது. செக்ரெடின் கிடைத்தது அப்படித்தான். "ஹார்மோன்" என்ற சொல்லையே ஸ்டார்லிங் அதற்குப் பிறகு, 1905ல்தான் புழக்கத்தில் விட்டார்.

பாவ்லோவ் முழுக்கத் தோற்றார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சாப்பாட்டைப் பார்த்ததும் வாசனை பிடித்ததும் வருகிற சுரப்பு நரம்பின் வேலைதான்.

ஈரோட்டுக்காரன்:
சரி, சிறுகுடலுக்கு விட்டுக்கொடுத்தேன். அதை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வருமாமே!

உடலியல்_வாத்தியார்:
அது பழைய கணக்கு. 2014ல் ஸ்வீடனில் அளந்து பார்த்ததில் செரிமானப் பாதை மொத்தமும் சேர்த்தே 30 சதுர மீட்டரை ஒட்டித்தான் வந்தது. அதில் பெரும்பங்கு சிறுகுடல். ஒரு நடுத்தர வகுப்பறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் லேசுப்பட்டதில்லை.

சமையல்கட்டு:
தேங்காய் எண்ணெய்க்குப் பித்தநீரே தேவையில்லை, அதனால் பித்தப்பை எடுத்தவர்கள் அதை மட்டும் தாராளமாகச் சேர்க்கலாம் என்று ஒரு யூடியூபில் பார்த்தேன். எங்கள் வீட்டில் அவியலே அதில்தான். உண்மையா?

உடலியல்_வாத்தியார்:
கால் உண்மை. 8, 10 கார்பன் நீளமுள்ள குட்டைக் கொழுப்பு அமிலங்கள் பித்த உப்பின் தயவு அதிகம் இல்லாமலே உறிஞ்சப்பட்டு, நேரே கல்லீரலுக்குப் போய்விடும். கொழுப்பு செரிக்காத நோயாளிகளுக்கு மருத்துவமனையில் கொடுக்கும் எம்.சி.டி. எண்ணெய் இந்த இரண்டையும் தனியே பிரித்துச் செய்தது. கடையில் வாங்கும் தேங்காய் எண்ணெயில் இவை இரண்டும் சேர்ந்து சுமார் 15 சதவீதத்துக்குள்தான். ஏறக்குறைய பாதி 12 கார்பன் உள்ள லாரிக் அமிலம். அதில் பெரும்பகுதி நீளக் கொழுப்பு போகும் நிணநீர் வழியிலேயே போகிறது. அவியலை ருசிக்காகச் சாப்பிடுங்கள், மருந்தாக அல்ல.

பெருங்காயம்:
அறுவைக்கு முன்னாடியே கல்லைக் கரைத்திருக்கலாமே? ஆப்பிள் ஜூஸ் சில நாள், அப்புறம் எப்சம் உப்பு, ராத்திரி ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும். காலையில் பச்சைப் பச்சையாகக் கல் வெளியே வந்துவிடும். என் மைத்துனர் போட்டோவே அனுப்பினார். குடும்ப குரூப்பில், அதுவும் சாப்பிடுகிற நேரத்தில்.

ஸ்கேன்ரூம்:
அந்தப் போட்டோ எங்களுக்கும் வரும். "கல் வந்துவிட்டது, ஸ்கேன் எடுத்து உறுதி செய்யுங்கள்" என்று வருவார்கள். எடுத்தால் கல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

வெளியே வருவது என்ன என்று 2005ல் நியூசிலாந்திலிருந்து இருவர் லான்செட் இதழில் எழுதியிருந்தார்கள். ஒரு பெண் கொண்டுவந்த பச்சை உருண்டைகளைச் சோதித்தால் கொலஸ்ட்ரால் இல்லை, பிலிருபின் இல்லை, கால்சியம் இல்லை. முக்கால் பங்கு கொழுப்பு அமிலம். 40 டிகிரியில் உருகிவிட்டது. குடித்த ஆலிவ் எண்ணெய் குடலுக்குள்ளேயே சோப்பாகி வந்திருக்கிறது. உண்மையான பித்தக்கல் 40 டிகிரியில் உருகாது.

இதில் ஆபத்தும் உண்டு. அவ்வளவு எண்ணெயை ஒரேயடியாக உள்ளே இறக்கினால் பித்தப்பை ஓங்கிச் சுருங்கும். சின்னக் கல் இருந்தால் நகர்ந்து நாளத்தில் சிக்கிக்கொள்ளலாம்.

உடலியல்_வாத்தியார்:
சிக்குகிற இடமும் மோசமானது. பித்தநாளமும் கணையநாளமும் பெரும்பாலோருக்குக் கடைசியில் ஒரே வாசலில் வந்து திறக்கின்றன. அங்கே கல் அடைத்தால் மஞ்சள்காமாலை மட்டுமல்ல, கணையமும் பழுக்கும். புரதத்தை அறுக்கும் டிரிப்சினைக் கணையம் செயலற்ற வடிவத்தில்தான் தயாரிக்கிறது. குடலுக்குள் வந்த பிறகு குடற்சுவரில் உள்ள இன்னொரு நொதி அதற்கு உயிர் கொடுக்கிறது. கணையமே புரதத்தால் ஆனதுதானே, அந்த முன்னெச்சரிக்கை. வாசல் அடைபட்டால் அந்த ஒழுங்கு குலைந்து நொதி கணையத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கிவிடும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலி அப்படி வருவது. மைத்துனரிடம் சொல்லி வையுங்கள்.

பெருங்காயம்:
சொல்லிவிட்டேன். "அலோபதி மாஃபியா" என்று பதில் வந்தது.

வடலூரான்:
எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பெரியம்மாவுக்கும் ஒலிப்பதிவாக அனுப்பியாயிற்று, இன்னும் கேட்கவில்லை. இரண்டு கேள்வி பாக்கி. ஒன்று, அம்மா எண்ணெய் அதிகம் சேர்ப்பவரே இல்லை, எடையும் கூடுதல் இல்லை. பிறகு ஏன் கல்? இரண்டு, சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கிறது, தண்ணீராகப் போகிறது என்கிறார். எண்ணெய் செரிக்காததால்தானே?

உடலியல்_வாத்தியார்:
டப்பியில் இருப்பது கறுப்பு என்று எழுதியிருந்தீர்கள். மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் கொலஸ்ட்ரால் கல். கறுப்பு, நிறமிக் கல். அது கால்சியத்தோடு பிலிருபின் சேர்ந்து படிவது. பிலிருபின் வருவது பழைய சிவப்பணுக்கள் உடைவதிலிருந்து, சாப்பாட்டு எண்ணெயிலிருந்து அல்ல. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடையும் ரத்தநோய்களிலும் கல்லீரல் சுருக்க நோயிலும் இந்த வகை அதிகம். ஒரு காரணமும் சிக்காமல் வயதானவர்களுக்கு வருவதும் உண்டு. அடுத்த முறை போகும்போது ஹீமோகுளோபின், பிலிருபின் அளவுகளை மட்டும் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். எண்ணெய்ச் சட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

இரண்டாவதுக்கு வருகிறேன். ஒரு நாளைக்குச் சிறுகுடலுக்குள் வரும் திரவம் சுமார் 9 லிட்டர். நாம் குடிப்பதும் உண்பதும் 2 லிட்டர்தான். மிச்சம் எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடலின் சொந்தச் சுரப்பு. சிறுகுடலே பெரும்பங்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் போலப் பெருங்குடலுக்கு அனுப்பும். அங்கேயும் உறிஞ்சி, மலத்தோடு போவது 100, 200 மில்லி. இப்போது பித்தம் நேரம்காலம் இல்லாமல் ஒழுகுவதால், சிலருக்குப் பித்த உப்பு கடைசிப் பகுதியின் உறிஞ்சும் திறனை மீறிப் பெருங்குடலுக்குள் போய்விடும். பெருங்குடலுக்கு அது ஆகாது. தண்ணீரை உறிஞ்சுவதை விட்டுவிட்டுத் தானே சுரக்கத் தொடங்கும். அம்மாவுக்கு இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் எண்ணெய் செரிக்காத பேதி அல்ல, பித்தம் வழிந்த பேதி. செரிக்காத கொழுப்பென்றால் மலம் எண்ணெய்ப் பசையோடு, கடும் நாற்றத்தோடு, தண்ணீரில் மிதக்கும்.

பலருக்கு இது சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே அடங்கும். மூன்று பெரிய வேளையை ஐந்து சின்ன வேளையாக்கிப் பாருங்கள். நெய்யும் எண்ணெயும் ஒரே வேளையில் குவியாமல் பரவலாக இருக்கட்டும். பொங்கலும் வடையும் சேர்ந்து ஒரே தட்டில் வருகிற காலைகளைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். தாளிப்புக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் தாராளமாக விடலாம். அடங்காவிட்டால் பித்த உப்பைக் குடலிலேயே பிடித்து வைக்கும் கொலெஸ்டிரமின் என்ற பொடி இருக்கிறது. அதை டாக்டர்தான் எழுத வேண்டும், வேறு மாத்திரைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு.

மீட்டர்கேஜ்:
இடையில் ஒரு துணுக்கு. குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. யானைக்குக் கிடையாது. புறாவுக்குக் கிடையாது. எலிக்கு இல்லை, ஆனால் சுண்டெலிக்கு உண்டு. இந்தக் கடைசி விஷயத்துக்கு யாராவது காரணம் சொன்னால் என் செலவில் நெய் ரோஸ்ட்.

திருச்சிமலை:
குதிரையும் யானையும் நாள் முழுக்க மேய்கிறவை. ஒரே வேளையில் பித்தத்தைக் கொட்ட வேண்டிய அவசியம் இருக்காது. சுண்டெலிக்கு என்னிடம் பதில் இல்லை, ரோஸ்ட் பாதி கிடைக்குமா?

ஸ்கேன்ரூம்:
வடலூரான், ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். பையை எடுத்தாலும், அதற்கு முன்பே நழுவிய கல் பித்தநாளத்தில் தங்கியிருக்கலாம். மலத்துக்கு நிறம் தருவது பிலிருபினிலிருந்து வரும் பொருள். நாளம் அடைபட்டால் மலம் வெளுத்துக் களிமண் நிறமாகும், சிறுநீர் கடுங்காபி நிறமாகும், கண் மஞ்சளாகும், உடம்பு அரிக்கும். குளிர் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே ஓட வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. சாதாரண அல்ட்ராசவுண்டில் நாளத்தின் கீழ்ப்பகுதியைக் குடலில் உள்ள காற்று மறைத்துவிடுவதால், அங்கே இருக்கும் கல் எங்களுக்கே தப்பிவிடுவதுண்டு. சந்தேகம் இருந்தால் டாக்டர் எம்.ஆர்.சி.பி. எழுதுவார், அது பித்தநாளத்தைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். "ஏற்கெனவே ஸ்கேன் எடுத்தாச்சே" என்று தட்டிக்கழிக்காதீர்கள். அதற்கும் வெறும் வயிற்றோடுதான் வரச் சொல்வார்கள், காபி கூடாது.